புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

கோவளம்
7-11-1955

மச்சான் அவர்களுக்கு உங்கள் மனைவி சைனம்பு எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கேளம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல மழை. அங்கிருந்து மாட்டுவண்டியில் நனைந்துகொண்டே வந்தேன். தங்கை ராபியாவுக்கு ஆண் குழந்தை. இருவரும் சுகம்.

பிரசவத்துக்குத் துணை என்று சொல்லிப் புறப்பட்டேன். நாற்பது நாள் கழிந்ததும் திரும்பிவிடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். திரும்பப் போவதில்லை. மார்ச் மாதம் ஈ.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடிக்கும் வரை அம்மா வீட்டில்தான் இருப்பேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன் முன்னால், “அஞ்சாங்கிளாஸோட நின்னவளுக்கு எட்டாங்கிளாஸ் பரீட்ச இன்னாத்துக்கு? மண்டையில ஏறுனாத்தானே?” என்றீர்கள். பெரிய மச்சான் சிரித்தார். நான் அவருக்கு டீ கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தேன். போன ஏப்ரலில் கணக்கிலும் பூகோளத்திலும் தவறியது உண்மைதான். அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

இங்கே பள்ளிவாசல் தெருப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். டீச்சரம்மா இருந்தால் அனுப்புவோம் என்கிறார்கள் பெற்றவர்கள். எட்டாவது தேறினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். அதை முடித்தால் அந்த வேலை எனக்குக் கிடைக்கும்.

என் கணக்குப் புத்தகமும் பூகோளப் படமும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. உங்கள் ஆபீஸ் பியூன் ஏசுதாஸ் ஞாயிற்றுக்கிழமை இங்கே மாதாகோயிலுக்கு வருவார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

சைனம்பு


செங்கல்பட்டு
14-11-1955

சைனம்புவுக்கு காஜா மொய்தீன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. புத்தகங்களை ஏசுதாஸ் வசம் அனுப்பியிருக்கிறேன். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீ ஐந்து மாதம் தண்டனை கொடுப்பது அதிகம். இருந்தாலும் தானாகப் போனவளைக் கெஞ்சிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை.

படிப்பதென்று முடிவு செய்துவிட்டாய்; முறையாகப் படி. இத்துடன் அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். ஆறு வரை கணக்கு. பகல் முழுக்கச் சரித்திரமும் பூகோளமும். மாலை இலக்கணம். ஒவ்வொரு பாடத்தையும் பத்து முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முக்கியமான வரிகளைச் சிவப்புப் பென்சிலால் கோடிட வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியது இப்படித்தான்.

எனக்கும் டிசம்பரில் இலாகா பரீட்சை வருகிறது. சென்ற முறை காய்ச்சலால் தவறியது. இம்முறை தேறாவிட்டால் புரொபேஷன் முடியாது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக நீடிப்பதே கஷ்டம். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் சாப்பிடுகிறேன். குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. இதை நீ கேட்கவில்லை, தகவலுக்காக எழுதினேன்.

காஜா மொய்தீன்


கோவளம்
9-12-1955

மச்சானுக்கு,

புத்தகங்கள் வந்தன. அட்டவணைப்படி மூன்று வாரம் படித்துப் பார்த்தேன். உள்ளதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான்கு மணிக்கு எழுந்து கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கினேன். பருவக்காற்றுப் பாடத்தைப் பத்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. அப்புறம்தான் சாராள் வந்தாள்.

சாராளை உங்களுக்குத் தெரியும். மீன் விற்க வருவாளே, அவள்தான். மீனை ஆய்ந்துகொண்டே, “இன்னா படிக்கிற, எனக்கும் சொல்லேன்” என்றாள். என் கையும் ஈரமாக இருந்தது, புத்தகத்தைத் தொட முடியவில்லை. வாயால் சொன்னேன். மேற்கே கடலிலிருந்து காற்று வருகிறது, மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்ந்து மழையாகிறது என்றேன். அவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“செரி, அது மலயாளத்துப் பக்கம். நம்மூர்ல ஐப்பசில ஊத்து ஊத்துன்னு ஊத்துதே, அது எந்த மலயில மோதிக்கினு வருது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து முறை படித்த பாடம்! கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே இருந்தது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறதாம். அதிலும் கோடு போட்டிருந்தேன். ஆனாலும் மண்டையில் இல்லை.

அன்றிலிருந்து அட்டவணையை விட்டுவிட்டேன். ஒரு பாடத்தை ஒரு முறை கவனமாகப் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சாராளிடம் சொல்வேன். எங்கே திக்குகிறேனோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிப்பேன். அதையே நாலைந்து நாள் கழித்து மறுபடி சொல்வேன். அதற்குள் பாதி மறந்திருக்கும். மறந்ததைக் கஷ்டப்பட்டு ஞாபகத்துக்குக் கொண்டுவந்தால், அப்புறம் அது போவதில்லை. சாராளுக்கும் பொழுது போகிறது. “நேத்து சொன்னத்த இன்னிக்கு மாத்திச் சொல்றியே” என்று பிடித்துக்கொள்கிறாள்.

கணக்கிலும் என் தப்பு தெரிந்தது. புத்தகத்தில் போட்டுக் காட்டிய கணக்கைப் படித்துப் படித்து, எனக்கே போடத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். இப்போது விடையைக் கையால் மூடிக்கொண்டு நானே போடுகிறேன். பரீட்சையில் இது லாப நஷ்டம், இது வட்டி என்று யாரும் தலைப்பு எழுதித் தரப்போவதில்லை. அதனால் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கிறேன். பத்தில் நாலு தப்பாகத்தான் வருகிறது. போன வருஷம் எதுவுமே தப்பாக வந்ததில்லை. காரணம், நான் எதையும் போடவே இல்லை.

ஓட்டலில் குழம்பு வேண்டாம். மோர் சாதமாகக் கேட்டு வாங்குங்கள்.

சைனம்பு


செங்கல்பட்டு
10-2-1956

சைனம்புவுக்கு,

கெஜட்டில் இலாகா பரீட்சை முடிவு வந்தது. இரண்டு தாளிலும் என் நம்பர் இல்லை. அடுத்த பரீட்சை மே மாதம். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று தாசில்தார் கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. இந்த நிலையில் மனம் எப்படிப் பாடத்தில் நிற்கும்?

இன்னொன்றும் எழுத வேண்டும். வேறு வாய் வழியாக நீ கேட்பதைவிட நான் சொல்வது நல்லது. சென்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். “கல்யாணமாகி ஆறு வருஷம் ஆவுது. ஒரு கொயந்த இல்ல. பொண்டாட்டி வூட்டவுட்டுப் பூட்டா. பல்லாவரத்துல ஒரு பொண்ணு கீது, நல்ல குடும்பம். நீ உம்முனு ஒரு வார்த்த சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார்.

நான் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

காஜா மொய்தீன்


கோவளம்
14-2-1956

மச்சானுக்கு,

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். எத்தனை முறை படித்தாலும் சில வரிகள் விளங்குவதில்லை.

நம் மார்க்கம் எதை அனுமதிக்கிறது என்று எனக்கும் தெரியும். அழுது தடுக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உம் என்பதானால் என் பரீட்சைக்கு முன்பே எனக்கு எழுதிவிடுங்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் இருந்தால்தான் படிப்பு ஓடாது. நேற்று வரை இந்தப் பரீட்சை என் ஆசை. இன்றிலிருந்து இது என் சாப்பாட்டுக்கு வழி.

குழந்தையைப் பற்றி நானும் அல்லாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் அண்ணன் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

நீங்கள் தவறியதற்கு நான் அங்கே இல்லாததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவை நான் அங்கேதான் இருந்தேன், மச்சான். தினமும் விளக்கேற்றினேன். சுடச்சுடச் சோறு போட்டேன். நீங்கள் ஆபீஸ் நடைமுறைப் புத்தகத்தை உரக்க இங்கிலீஷில் படிப்பீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மழைச்சத்தம் மாதிரி இருக்கும். அதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் எனக்கு விளக்கியதில்லை. உங்களுக்கே விளங்கியிருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கோபம் வந்தால் வரட்டும். இதையும் கேளுங்கள். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு விதியைப் படியுங்கள். மூடி வைத்துவிட்டு, அதை எனக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, உங்கள் ஆபீஸும் தெரியாது. சாராளைப் போல நான் கேட்கிறேன்.

சைனம்பு


செங்கல்பட்டு
25-2-1956

சைனம்புவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட நினைத்தேன். சர்க்கார் விதிகளைப் பொம்பளைக்குத் தபாலில் ஒப்பிப்பதா என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள், எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழே இருக்கிறது.

“ஆபீஸுக்கு ஒரு மனு வந்தால் அதற்கு நம்பர் போட்டு, எந்தக் குமாஸ்தா பார்க்க வேண்டுமோ அவருடைய பதிவேட்டில் ஏற்றுவார்கள். அவர் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். உத்தரவு ஆனதும் அந்தக் காகிதக் கட்டை முடித்துவிடுவார்கள். முடிக்கும்போது சில கட்டுகளை ஒரு வருஷம் வைத்து அழிப்பது, சிலவற்றைப் பல வருஷம் வைப்பது, சிலவற்றை என்றைக்கும் வைப்பது என்று பிரிப்பார்கள்.”

இங்கிலீஷில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். தமிழில் எழுதும்போது நாலு இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பல்லாவரம் விஷயமாக அண்ணன் மறுபடி ஆள் அனுப்பினார். பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

காஜா மொய்தீன்


கோவளம்
1-3-1956

அன்புள்ள மச்சான்,

நீங்கள் எழுதியதைச் சாராளுக்கும் படித்துக் காட்டினேன். முக்கால்வாசி விளங்கியது. விளங்காததைக் கேட்கிறேன்.

எதை ஒரு வருஷத்தில் அழிப்பது, எதை என்றைக்கும் வைப்பது என்று யார் முடிவு செய்வார்கள்? எதை வைத்து? இரண்டாம் வருஷம் அந்த ஆள் வந்து, “என் மனு இன்னாச்சு?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இது நான் கேட்டது. சாராள் கேட்டது வேறு: “மனு குடுத்தவன் மறுக்கா இன்னொரு மனு குடுத்தா அதுக்குப் புது நம்பரா, பழைய கட்டுலயே சேப்பாங்களா?” அவள் புறம்போக்குக் குடிசைக்காக மூன்று மனு கொடுத்தவள், அதனால் கேட்கிறாள்.

இனி என் விஷயம். பிரைவேட்டாக எழுதுகிறவர்களுக்குச் செங்கல்பட்டில்தான் இடம் போட்டிருக்கிறார்கள். மார்ச் 26-ந் தேதி தொடக்கம். திருக்கழுக்குன்றத்தில் ராபியாவின் மாமியார் வீடு இருக்கிறது. அங்கே தங்கி பஸ்ஸில் வந்து போகலாம் என்று நினைக்கிறேன். அல்லது வேறெங்காவது. நீங்கள் “பிறகு பேசலாம்” என்று சொல்லி அனுப்பியதற்கு அர்த்தம் தெரியாமல், எந்த வீட்டுக்கு வருவதென்று எனக்குத் தெரியவில்லை.

சைனம்பு


செங்கல்பட்டு
6-3-1956

அன்புள்ள சைனம்பு,

உன் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து வருஷமாக அதே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். இனி ஒவ்வொரு விதிக்கும் நிஜமான ஒரு கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி என்று பார்ப்பதாக இருக்கிறேன். அப்படிப் பார்த்து, உன் கேள்விகளுக்குப் பதிலைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சாராளின் கேள்விக்குப் பதில்: விஷயம் அதேதான் என்றால் பழைய கட்டிலேயே சேர்க்க வேண்டும். அவளுக்கு மூன்று நம்பர் போட்டிருந்தால் அது தவறு. சொல்லு, பார்க்கிறேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸை நம்பிப் பரீட்சைக்கு வர வேண்டாம். நம் வீட்டுக்கு வா. சாவி ஏசுதாஸிடம் இருக்கிறது. அரிக்கேன் விளக்குக்குப் புதுத் திரி போட்டுவிட்டேன்.

காஜா மொய்தீன்


கோவளம்
5-4-1956

அன்புள்ள மச்சான்,

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்ததால், பரீட்சை முடிந்த மறுநாளே புறப்பட வேண்டியதாயிற்று. இப்போது அவளுக்குத் தேவலை. நேரில் பேசாமல் விட்டதை எழுதுகிறேன். அந்த ஒரு வாரமும் நாம் பரீட்சையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, “தூங்கு, மீதி காலையில்” என்றீர்களே. அது நல்லதாகப் போயிற்று. தலை தெளிவாக இருந்தது. கணக்குப் பரீட்சையில் முதல் கேள்வியே வரவில்லை. போன வருஷம் அதிலேயே அழுதுகொண்டு உட்கார்ந்து நேரத்தை விட்டேன். இம்முறை அதைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் போட்டேன். திரும்பி வந்தபோது அது எப்படிப்பட்ட கணக்கென்று தெரிந்தது. சரியாக வந்ததா என்பது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் காலை நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன். பெரிய மச்சான் வந்தார். அவர் வாசலில் நின்றபடியே, “வந்துட்டாளா? செரி, பல்லாவரத்துக்காரங்க ஞாயித்துக்கெழம வராங்க. இப்பவே ஒரு முடிவு சொல்லு” என்றது எனக்குக் கேட்டது. படித்ததெல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் உங்கள் குரல் கேட்டது.

“அண்ணே, அவங்கள வர வாணாம்னு சொல்லிடு. இதான் முடிவு. இப்ப சைனம்புக்குப் பரீட்சைக்கு நேரமாவுது, கொஞ்சம் வழி வுடு.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் உள்ளே வந்து, பேனாவில் மை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன்.

அன்று பூகோளம் நன்றாக எழுதினேன்.

நோன்பு வருகிறது. பட்டினியோடு ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படிக்காதீர்கள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்போது ஒரு மணி, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி போதும். ஒரு நாளைக்கு ஒரு விதி எனக்கு எழுதுங்கள்.

உங்கள் சைனம்பு


செங்கல்பட்டு
11-6-1956

அன்புள்ள சைனம்பு,

பள்ளிக்கூடத்தில் லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள். ஆபீஸுக்குப் போகும் வழியில் பார்த்தேன். உன் நம்பர் இருக்கிறது. நம்பாமல் ஏசுதாஸையும் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறதாம். தேறிவிட்டாய்.

காஞ்சிபுரம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து விண்ணப்பப் பாரம் வந்திருக்கிறது. இரண்டு வருஷம் விடுதியில் தங்க வேண்டும். கணவன் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நேற்று முழுவதும் அது மேசை மேல் கிடந்தது. ஏழு மாதம் நீ இல்லாமல் இருந்து பார்த்தவன் நான். இரண்டு வருஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். போட்டது சந்தோஷமாகவா என்று கேட்காதே. மனப்பூர்வமாகப் போட்டேன்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பெருநாளுக்குப் போய் ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருக்கட்டும். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மே மாதப் பரீட்சையை எழுதிவிட்டேன். ஒரு தாள் நன்றாக எழுதியதாக நினைப்பு. மற்றது, நாம் தபாலில் எழுதிப் பார்க்க நேரமில்லாமல் போன பகுதி.

புதன்கிழமை கேளம்பாக்கத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். பெட்டியைக் கனமாக்காதே.

காஜா மொய்தீன்


செங்கல்பட்டு
20-8-1956

அன்புள்ள சைனம்பு,

கெஜட் வந்துவிட்டது. ஆபீஸ் நடைமுறைத் தாளில் தேறிவிட்டேன். கணக்குத் தாளில் இல்லை. தாசில்தாரிடம் கெஜட்டைக் காட்டினேன். ஒன்று தேறியதால் டிசம்பர் வரை அவகாசம் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆக, வேலை இன்னும் கையில் இருக்கிறது. டிசம்பருக்குள் மற்றதையும் முடித்தாக வேண்டும். உனக்கு அங்கே நேரம் இருந்தால் கேள்வி எழுது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏசுதாஸைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். இரண்டாவது விதியிலேயே தூங்கிவிடுகிறான்.

போன ஞாயிறு உன் விடுதியில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பெஞ்சில் என் இரண்டு பக்கமும் மகளைப் பார்க்க வந்த தகப்பன்மார்கள். வார்டன் அம்மா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உறவு?” என்றார். வீட்டுக்காரர் என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து உட்கார்ந்தார். தப்பான வண்டியில் ஏறிவிட்டவன் மாதிரி இருந்தது எனக்கு. நீ வந்த பிறகு சரியாகிவிட்டது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன். என்ன வேண்டும் என்று எழுது.

உன் காஜா மொய்தீன்


காஞ்சிபுரம்
27-8-1956

அன்புள்ள மச்சான்,

ஒரு தாள் தேறியதற்கு அல்ஹம்துலில்லாஹ். மற்றதற்கும் வழி செய்வோம். வாரம் இரண்டு கேள்வி அனுப்புகிறேன். இங்கே எனக்கே ஏழு பாடம் இருப்பதால் அதற்கு மேல் முடியாது. ஏசுதாஸைத் தூங்கவிடாதீர்கள், புரியாத இடத்தில்தான் ஆள் தூங்குவான்.

இந்த வாரம் முதல் முறையாக வகுப்பு எடுத்தேன். முப்பது பிள்ளைகள். பத்து நிமிஷம் நன்றாகப் போயிற்று. அப்புறம் கடைசி வரிசைப் பையன் ஒன்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியை ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதாகவா, கெட்டதாகவா என்று இன்னும் தெரியவில்லை.

என் அறையில் இருக்கும் மூன்று பேரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள். எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள். நீங்கள் வந்து போனதிலிருந்து ஒரே கேள்விதான். கண்ணகி என்று ஒரு பெண், உத்திரமேரூர்ப் பக்கம். அவள் அப்பா படிப்பை நிறுத்தக் கிளம்பி, சண்டை போட்டு வந்தவள். நேற்றுச் சாப்பிடும்போது கேட்டாள்:

“ஏங்க்கா, கல்யாணமான பொம்பளய, ரெண்டு வருசம் படிக்கறத்துக்கு, உங்க வூட்டுக்காரரு எப்பிடிக்கா வுட்டாரு?”

நவம்பரில் தொடங்கிச் சொன்னால் சோறு ஆறிவிடும்.

“எப்பிடி வுட்டாரா? செங்கல்பட்டுலேர்ந்து ரயில்ல கூட்டிக்கினு வந்து, பெட்டியத் தூக்கிக்கினு வாசல் வரைக்கும் நடந்து வந்து வுட்டாரு” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணகி மட்டும் சிரிக்கவில்லை. “மெய்யாலுமா?” என்றாள்.

மெய்தான் என்றேன்.

உங்கள் சைனம்பு